ஏலாது அல்ல, மாட்டன்

“உங்களால ஏலாது, தங்கச்சி. ஒற்றைப் படகுக்குப் பாரம் வேணும். நீங்கள் முன்னுக்கு இருந்து கயிறு பிடிக்கத்தான் சரி.”

பாய்ப்படகுக் கழகத்தின் செயலாளர் இதைச் சொன்னபோது எனக்கு இருபத்தொரு வயது. நாற்பத்து மூன்று கிலோ. அவர் கெட்ட மனிதர் இல்லை. காய்ச்சல்காரரிடம் குளிக்க வேண்டாம் என்று சொல்வது போல, பதிவுக் கொப்பியில் எழுதியபடியே அன்பாகத்தான் சொன்னார்.

அந்த வசனம் அன்றைக்கு இரண்டு பேருக்குக் குத்தியது. எனக்குக் குத்தியது முதற்பாதி. இரண்டாம் பாதி, அவருடைய கதிரைக்குப் பின்னால் நிலத்தில் குந்தியிருந்து ஈரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் குத்தியது. அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“கயிறு பிடிக்கத்தான் சரியெண்டால் என்ன கருத்து, சேர்? வேற ஒண்டுக்கும் உதவாததுகளுக்குக் குடுக்கிற வேலையோ அது?”

“ஐயோ மிஸ், நான் உங்களைச் சொல்லேல்லை.”

“என்னைத்தான் சொன்னீங்கள். இஞ்ச கயிறு பிடிக்கிறது நான்தானே.”

செயலாளர் சிரித்துச் சமாளித்தார். எனக்காக ஒருவர் கதைக்கிறார் என்று நான் மனம் நிறைந்து நின்றேன். அப்படியில்லை. அவர் தனக்காகத்தான் கதைத்தார். அது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய் அவரிடம் காட்டுவார்கள்; அவர் எழுத்துப் பிழை பார்ப்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மற்ற எல்லாருக்கும் அவர் மிஸ். காரணம், திருகோணமலை நகரத்தில் வாகனம் ஓட்டுகிறவர்களில் அரைவாசிப் பேர் அவரிடம் பழகியவர்கள். சாரதிப் பயிற்சி கொடுக்கும் ஒரு இடத்தில் அவருக்கு வேலை. காலை ஏழு மணிக்கே எல் பலகை தொங்கும் வெள்ளைக் காரின் இடப்பக்கக் கதிரையில் ஏறிவிடுவார். வலப்பக்கத்தில் யாராவது ஒருவர் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு இருப்பார். அக்காவின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருந்தது. அதைத் தவிர அந்தக் காரில் அவருக்கு வேறு அதிகாரம் இல்லை.

ஞாயிறு காலையில் துறைமுகத்துக்கு வந்தாலும் அதே இருப்புத்தான். சோடிப் படகு. அதில் அவர் எப்போதும் முன்னுக்கு.

படகு தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் கழகத்தில் இரண்டு வகைச் சிறு படகுகள் இருந்தன. ஒற்றைப் படகில் ஒரு ஆள், ஒரு பாய். சுக்கான் தடியும் அவர் கையில், பாய்க் கயிறும் அவர் கையில். சோடிப் படகில் இரண்டு பேர், இரண்டு பாய். பின்னுக்கு இருப்பவர் சுக்கான் பிடிப்பார், எங்கே போவது என்று முடிவெடுப்பார். முன்னுக்கு இருப்பவர் முன்பாயின் கயிற்றைப் பிடிப்பார், படகு சரியும்போது வெளியே சாய்ந்து தன் உடம்பால் அதை நிமிர்த்துவார். பின்னுக்கு இருப்பவரைப் படகோட்டி என்பார்கள். முன்னுக்கு இருப்பவரை முன்னாள் என்பார்கள்.

“முன்னாள் எண்டு கூப்பிடாதேங்கோ” என்பார் அக்கா. “முன்னாள் அமைச்சர் மாதிரிக் கிடக்கு. நான் இன்னும் பதவியிலதான் இருக்கிறன்.”

எது நல்லது என்பதில் கழகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. போட்டி முடிந்து விறாந்தையில் தேநீர் குடிக்கும்போது ஒவ்வொரு கிழமையும் இதே கதைதான். ஒற்றைப் படகுக்காரர், ஆள் தேடித் திரியும் கரைச்சல் இல்லை, வென்றாலும் தோற்றாலும் பங்கு இல்லை என்பார்கள். சோடிக்காரர், நடுக்கடலில் ஒன்றரை மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருக்க நாங்கள் என்ன சாமியாரோ என்பார்கள். ஒரு படகில் போன அண்ணனும் தம்பியும் இரண்டு கிழமையாகக் கதைக்காமல் இருந்ததை ஒற்றைக்காரர் உதாரணம் காட்டினார்கள். “ஒற்றைப் படகில பிழை விட்டால் ஆரோட சண்டை பிடிக்கிறது? பாவமெல்லோ!” என்று அக்கா உண்மையாகவே இரக்கப்பட்டுக் கேட்டார்.

நான் ஒற்றைப் படகின் பக்கம். வந்த முதல் நாளிலிருந்தே.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இலங்கைத்துறையில் பிறந்தேன். அப்பா மீன் பிடிப்பவர். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்து எழுதப் பழகினேன். சோதனைகள் எல்லாவற்றுக்கும் தனியத்தான் போனேன். கூட வந்து விண்ணப்பத்தை வாசித்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. கம்பஸுக்கு எடுபட்டு நகரத்துக்கு வந்த வருடம், மாணவர்களுக்கு ஒரு மாதம் இலவசமாகப் பாய்ப்படகு பழக்குகிறார்கள் என்று அறிவித்தல் பார்த்துப் போனேன். மாதம் முடிந்து மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “காத்தில சும்மா மூண்டு சுத்துச் சுத்தி வாறதுக்கோ போட்டி? ஒரு மீனும் இல்லாமலோ?” என்று கேட்டார். பிறகு, “வென்றால் என்ன தருவினம்?” என்றார். கிண்ணம் என்றேன். “வெறுங் கிண்ணமோ?” என்றார்.

தனியத் தட்டுத்தடுமாறி இவ்வளவு தூரம் வந்த எனக்கு, ஒருவர் பின்னுக்கு இருந்து முடிவெடுக்க முன்னுக்குக் குந்தியிருப்பது பிடிக்கவில்லை. செயலாளரோடு பிடிவாதமாக நின்று, ஒருவரும் எடுக்காத பழைய ஒற்றைப் படகொன்றை வாங்கிக்கொண்டேன். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து சுடச்சுட அடிக்கும் கச்சான் காற்றுக்கு என் நாற்பத்து மூன்று கிலோ போதவில்லை. கவிழ்ந்தேன். எழும்பினேன். மறுபடி கவிழ்ந்தேன். அக்கா கரையில் நின்று நிலக்கடலையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் கச்சான் கொட்டையை, உடைத்து வாயில் போடுவார். “கச்சான் அடிக்கிற காலத்தில கச்சான் சாப்பிடவேணும். அப்பதான் சமநிலை” என்று எனக்கும் ஒரு பிடி தருவார். அதற்குமேல் ஒன்றும் சொல்லித் தர மாட்டார். “உங்கட படகு, உங்கட தலையிடி” என்பார்.

அக்காவை முன்னுக்கு வைத்திருப்பவர் வெல்வார். இது கழகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுவரை மூன்று வெவ்வேறு ஆண்கள் அவரோடு போய் மூன்று பருவம் கிண்ணம் எடுத்திருந்தார்கள். அவர் இல்லாத ஞாயிறுகளில் அதே ஆட்கள் நாலாவதாக வந்தார்கள்.

படகில் அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கண் எந்நேரமும் தண்ணீரில். காற்று விழும் இடத்தில் தண்ணீர் கறுக்கும். அதைத் தூரத்திலேயே கண்டுவிடுவார். “வருது... வருது... இன்னும் இல்லை... இப்ப” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். பின்னுக்கு இருப்பவர் அதற்கேற்ற மாதிரிச் சுக்கானை அசைத்தால் போதும். பின்னுக்கு இருப்பவர் வீம்பு பிடித்தால் அக்கா வாக்குவாதப்பட மாட்டார். காரில் பழகிய கால், படகின் அடித்தட்டை ஓங்கி ஒரு மிதி மிதிக்கும். இல்லாத பிரேக். ஒருமுறை வங்கிக்கார அண்ணை ஒருவர், நங்கூரமிட்டிருந்த கோதுமைக் கப்பலுக்குக் கிட்டவாகக் குறுக்குவழி எடுக்கப் பார்த்தார். அக்காவின் கால் விழுந்த சத்தம் பக்கத்தில் என் படகில் இருந்த எனக்கே கேட்டது. அவர் பயந்து சுக்கானைத் தள்ளினார். நங்கூரச் சங்கிலி பாயை உரசாமல் போனது. கரைக்கு வந்த பிறகு, “நான் கடைசி நேரத்தில கண்டு சுக்கானை வெட்டினனான்” என்று அவர் விறாந்தையில் கதை சொன்னார். அக்கா எதிரில் இருந்து தேநீர் குடித்தபடி, “ஓம், நல்லா வெட்டினீங்கள்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குப் படகு கழுவும்போது கேட்டேன்.

“ஏன் அக்கா, எந்த நாளும் ஆம்பிளையளுக்குக் கயிறு இழுத்துக் குடுக்கிறீங்கள்? சுக்கானைப் பிடிச்சால் என்ன?”

“மாட்டன்.”

“ஏலாதோ?”

கையிலிருந்த கடற்பஞ்சை வாளிக்குள் போட்டுவிட்டு என்னை நேரே பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதற்தடவை.

“படிச்ச பிள்ளைதானே. மாட்டன் எண்டனான். அதுக்குள்ள ஏலாதை ஏன் கொண்டு வாறீங்கள்?”

“பின்ன ஏன் மாட்டீங்கள்?”

“காத்தை முதல் காணுறது முன்னுக்கு இருக்கிற ஆள். என்னைத் தாண்டித்தான் பின்னுக்குப் போகும். அதை விட்டிட்டு ஒரு தடியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுறீங்களோ?”

இது நல்ல மறுமொழி என்று எனக்கு அப்போது படவில்லை. தோற்றவர்கள் சொல்லும் சாட்டு என்று நினைத்தேன்.

ஆனால் அந்த இரண்டு சொற்களை அவர் எங்கேயும் கலக்க விட்டதில்லை. ஒருநாள் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லி என்னை அந்த வெள்ளைக் காரின் பின் கதிரையில் ஏற்றினார். ஓட்டப் பழகியவர் பெரிய மீசை வைத்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். சந்தைக்கு முன்னால், இரண்டு முச்சக்கரவண்டிகளுக்கு நடுவே பின்னோக்கி எடுக்க வேண்டி வந்தது. அவர் கையை விட்டுவிட்டார்.

“மிஸ், என்னால ஏலாது.”

“ஏலாதோ, மாட்டீங்களோ?”

“என்ன வித்தியாசம், மிஸ்?”

“ஏலாதெண்டால் அது என்ர வேலை. பழக்குவன். மாட்டீங்களெண்டால் அது உங்கட முடிவு. இறங்கி இந்தப் பக்கம் வாங்கோ, மரியாதையா வீட்டில கொண்டுபோய் விடுறன். எது?”

பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹோர்ன் அடித்தது. வாழைக்குலை விற்றவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். மீசைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஏலாது” என்றார்.

“அப்ப கிளச்சை மிதியுங்கோ.”

செயலாளரின் மனைவியை நாங்கள் அன்ரி என்போம். போட்டி நாட்களில் கேக் செய்து கொண்டுவந்து கரையில் குடைக்குக் கீழே இருப்பார். தண்ணீருக்குள் கால் வைத்ததை நான் கண்டதில்லை. அவர் ஒருநாள் அக்காவிடம் மெல்லக் கேட்டார்: “ஏன் மிஸ், உங்களுக்குக் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லையோ?”

“சரிவந்தது, அன்ரி. ரெண்டு தரம். நான் மாட்டனெண்டனான்.”

“ஏன் பிள்ளை?”

“கேக் நல்லா வந்திருக்கு. வனிலா கூடப் போட்டனீங்களோ?”

அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் கழகத்தின் குழு கூடி ஒரு முடிவெடுத்தது. இனிமேல் பருவக் கிண்ணம் ஒற்றைப் படகுகளுக்கு மட்டும். சோடியில் ஒருவருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் இரண்டு பேரும் வருவதில்லை, போட்டி நடத்த முடியவில்லை என்பது காரணம். அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு உறுப்பினரும் எந்தப் படகுக்கு மாறுகிறார் என்று ஒரு பட்டியல் எழுதி மதிலில் ஒட்டினார்கள். மிகவும் தாழ்வாக ஒட்டிவிட்டார்கள். விடிவதற்குள், நகரத்தில் தங்கள் பாட்டுக்குத் திரியும் மான்களில் ஒன்று வந்து பட்டியலின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது. என் பெயர் மானின் வயிற்றுக்குள் போய்விட்டது. மேற்பாதியில் இருந்த அக்காவின் பெயர் தப்பியது. அதற்கு நேரே செயலாளரின் அழகான எழுத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: “ஒற்றை ஏலாது.”

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

“சேர், ஒரு பிழை கிடக்கு. ஏலாது எண்டதை வெட்டிப்போட்டு மாட்டார் எண்டு எழுதுங்கோ.”

“மிஸ், ரெண்டும் கடைசியில ஒண்டுதானே. நீங்கள் ஒற்றைப் படகு எடுக்கப் போறதில்லை. அவ்வளவுதான் விஷயம்.”

“ஒண்டோ?”

“பின்னே?”

“சரி. ஞாயிற்றுக்கிழமை எனக்கொரு ஒற்றைப் படகு ஒதுக்குங்கோ.”

அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கே கச்சான் எழும்பிவிட்டது. துறைமுகம் முழுவதும் வெள்ளை நுரை. பதினொரு ஒற்றைப் படகுகள் கோட்டுக்கு வந்தன. ஒன்றில் நான், ஒன்றில் செயலாளர், ஒன்றில் அக்கா. அவர் சுக்கான் தடியைப் பிடித்து அதுவரை ஒருவரும் கண்டதில்லை. கரையில் அன்ரி குடையை மடக்கிவிட்டு எழும்பி நின்றார்.

நான் முதலாவது மிதவைக்கு முன்பே கவிழ்ந்தேன். அதனால் மிச்சத்தை நல்ல இடத்திலிருந்து பார்த்தேன்: கவிழ்ந்த படகின் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி. எல்லாரும் வலப்பக்கமாகப் போனார்கள். அக்கா மட்டும் தனியே இடப்பக்கம் போனார், துறைமுகத்து ஓரத்து மலை அடிவாரத்தை நோக்கி. அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவருக்கு முன்னால் தண்ணீர் கறுத்தது. மற்றவர்களுக்கு அந்தக் காற்று போய்ச் சேர்வதற்குள் அவர் மிதவையைச் சுற்றிவிட்டார். இரண்டாவது சுற்றில் அவருக்கும் அடுத்து வந்த செயலாளருக்கும் நடுவே ஒரு மைதானத்து நீளம் இருந்தது. மூன்றாவது சுற்றில் இன்னும் கூட. என்னைத் தாண்டும்போது அவருடைய வாய் அசைந்துகொண்டிருந்தது, பின்னுக்கு ஒருவரும் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டேதான் போனார் போல.

முடிவுக் கோட்டுக்கு நாலு படகு நீளம் இருக்கும்போது பாய்க் கயிற்றை விட்டார். பாய் படபடவென்று அடித்தது. படகு நின்றது. நடுவர் கையில் எடுத்த ஊதுகுழலை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவசரப்படாமல் படகைத் திருப்பி, கோட்டைத் தாண்டாமல், நேரே கரைக்குப் போனார். செயலாளர் பிறகு வந்து கோட்டைத் தாண்டினார். ஊதுகுழல் ஊதியது. ஒருவரும் கை தட்டவில்லை.

நான் கடைசியாக வந்து சேர்ந்தபோது அக்கா உடுப்பு நீர் சொட்டச் சொட்ட மதிலுக்கு முன்னால் நின்றார். செயலாளர் உயிர்காப்பு ஜக்கெட்டைக் கூடக் கழற்றாமல், பேனாவோடு.

“இப்ப வெட்டுங்கோ, சேர்.”

அவர் வெட்டினார். “மாட்டார்” என்று எழுதினார். சட்டைக் கையிலிருந்து சொட்டிய தண்ணீரில் எழுத்து கொஞ்சம் கசிந்தது. அவரும் காற்றோடு மல்லுக்கட்டி வந்தவர்தானே. எழுதி முடித்துவிட்டு, “நீங்கள் வென்றிருக்கலாமே, மிஸ்” என்றார். கேலி இல்லை. உண்மையான வருத்தம்.

“வெல்ல வரேல்லை. எழுத்துப் பிழை திருத்த வந்தனான்.”

அன்றைக்கே குழு கொஞ்சம் இறங்கி வந்தது. வருகிற ஞாயிறிலிருந்து மூன்று சோடிகள் கோட்டுக்கு வந்தால் சோடிப் போட்டியும் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று கொப்பியில் எழுதினார்கள். இரண்டு சோடிகள் உடனே பெயர் கொடுத்தன. மூன்றாவது அக்கா. ஆனால் அவரோடு போய்க் கிண்ணம் எடுத்த மூன்று ஆண்களும் ஏற்கெனவே ஒற்றைக்கு மாறிவிட்டார்கள்.

புதன்கிழமை கம்பஸ் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“ஞாயிறு எனக்குச் சுக்கான் பிடிப்பீங்களோ?”

“என்னில இரக்கமோ, அக்கா?”

“இரக்கப்பட எனக்கு நேரம் இல்லை. சுக்கானுக்கு ஆள் இல்லை. நீங்கள் நாப்பத்து மூண்டு, நான் அறுபத்தெட்டு. கூட்டினால் படகுக்குச் சரியான பாரம்.”

நான் யோசித்தேன். இதை எழுதும்போது அந்த வெயிலும், காருக்குள் இருந்த பழகுநர் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்ததும் நினைவுக்கு வருகிறது. நான் அந்தச் சோடியில் ஏறினால் வெல்வோம். வென்றால், மிஸ் முன்னுக்கு இருந்தபடியால் அந்தப் பிள்ளை வென்றது என்பார்கள். ஒற்றையில் என்னால் ஏலாது என்று செயலாளர் சொன்னது அப்படியே நிற்கும். அதை நான் நிற்க விடத் தயாராக இல்லை.

“மாட்டன்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “சரி” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினார். கார் துள்ளித் துள்ளிப் போனது.

ஞாயிறு அவர் வந்தார். ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, சோடிப் படகை இழுத்துத் தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றார். யாரையும் கேட்கவில்லை. மற்ற இரண்டு சோடிகளும் கோட்டில் காத்திருந்தன. நடுவர் பத்து நிமிடம் கூடப் பொறுத்தார். நான் அப்போது தண்ணீரில் என் படகில் இருந்தேன். கரைக்கு வர இரண்டு நிமிடம் போதும். எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அக்கா ஒருமுறையும் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு சோடிக் கொடியை இறக்கினார்கள்; அது மறுபடி ஏறவில்லை.

அன்றைக்கு நான் மூன்று தரம் கவிழ்ந்து, மூன்று தரம் எழும்பி, ஒன்பதாவதாக வந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா என் படகின் மூக்கைப் பிடித்து மேலே இழுத்தார்.

“கோபமோ, அக்கா?”

“ஏன் கோபம்? மாட்டனெண்டீங்கள். தலையிடி, சோதனை, வீட்டில விடமாட்டினம், ஏலாது எண்டு சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.” சட்டைப்பையிலிருந்து நனைந்த கச்சான் பையை எடுத்து நீட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஈரக் கச்சான் சாப்பிட்டோம். நல்லாயில்லை.

அந்த வருடக் கடைசியில் அவர் வவுனியாவுக்குப் போனார். அங்கே சொந்தமாகப் பயிற்சி நிலையம் தொடங்கியதாகச் சொன்னார்கள். வவுனியாவில் கடல் இல்லை.

அன்றைக்கு மாட்டன் என்று சொன்னதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. அதை அவரும் விரும்பமாட்டார். ஆனால் அந்த ஒரு சொல்லால் அவர் தன் இடத்தை இழந்தார் என்பது எனக்குத் தெரியும். அதை வேறு ஒருவர் மேலும் போட முடியாது. குழு மேலும் இல்லை, காற்று மேலும் இல்லை.

ஆறு வருடம் போய்விட்டது. எனக்கு இப்போது அரச அலுவலகத்தில் வேலை, ஐம்பத்தொரு கிலோ. போன பருவம் ஒற்றைப் படகில் கிண்ணம் எடுத்தேன், கச்சானுக்குள்ளேயே. செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நான் பிழையாச் சொல்லிப்போட்டன், தங்கச்சி” என்றார். அந்தக் கிண்ணம் இலங்கைத்துறையில் வீட்டு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அப்பா அதற்குள் தூண்டில் முள் போட்டு வைத்திருக்கிறார்.

இந்தப் பருவம் தொடங்க முன்னர், பாவிக்காத சோடிப் படகுகள் மூன்றையும் கழகம் விற்கப் போவதாக அறிவித்தார்கள். நான் பழைய கூட்டக் கொப்பியை எடுத்து வாசித்தேன். வாசிப்பது எனக்கு வரும். “மூன்று சோடிகள் வந்தால் போட்டி நடைபெறும்” என்ற வரியை ஆறு வருடமாக ஒருவரும் ரத்துச் செய்யவில்லை. செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“எழுதிக் கிடக்குத்தான். ஆனால் மூண்டு சோடிக்கு எங்க போவீங்கள்? நீங்களே ஒற்றையில வெல்லுற ஆள். ஏன் இதுக்குள்ள?”

“ஆள் கொண்டு வந்தால் வைப்பீங்களோ?”

“வைப்பம். கொண்டு வாங்கோவன் பாப்பம்.”

கிண்ணியாவிலிருந்து இரண்டு ஆசிரியைகள் பெயர் தந்தார்கள். பாலம் வந்த பிறகு துறைமுகம் அவர்களுக்கு அரை மணித்தியாலம்தான். எங்கள் அலுவலகத்து இலிகிதரும் அவருடைய மனைவியும் தந்தார்கள். வீட்டில் பிடிக்கும் சண்டையைக் கடலில் பிடிக்கலாம் என்றார் மனைவி. மூன்றாவது சோடிக்கு நான் இருந்தேன். எனக்குச் சோடி இல்லை. விறாந்தையில் நின்று இரண்டு மூன்று பேரைக் கேட்டேன். எல்லாரும் ஒற்றைக்காரர். கேக் வெட்டிக்கொண்டிருந்த அன்ரி கத்தியை வைத்தார்.

“பிள்ளை, பாரம்தானே வேணும்? நான் எழுபத்திரண்டு கிலோ இருக்கிறன்.”

செயலாளர் தேநீர்க் கோப்பையோடு திரும்பினார். “உனக்கென்ன விசரோ? நீ முழங்காலளவு தண்ணிக்குள்ள இறங்கினதில்லை.”

“நீங்கள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை” என்றார் அன்ரி. “முப்பது வருசமா கேக்தானே கேட்டனீங்கள்.”

ஒற்றைப் பட்டியலிலிருந்து என் பெயரை நானே வெட்டினேன். சோடிப் பட்டியலில் ஆறு பெயர்கள் எழுதி, மான் எட்டாத உயரத்தில் ஒட்டினேன். போட்டி வருகிற ஞாயிறு.

நேற்றுப் பின்னேரம் படகை இறக்கினோம். அன்ரி முன்னுக்கு. முதல் அரை மணித்தியாலம் அவர் பிள்ளையாரையும் தன் தாயையும் மாறி மாறிக் கூப்பிட்டார். கயிற்றை விடச் சொன்னால் இழுத்தார், இழுக்கச் சொன்னால் விட்டார். இரண்டு தரம் சண்டை பிடித்தோம். கரையில் செயலாளர் தண்ணீர் ஓரத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியதும், “போதும் அன்ரி, கரைக்குப் போவம்” என்று நான் சுக்கானைத் திருப்பினேன்.

“எங்க போறது?” என்றார் அவர், கயிற்றை மணிக்கட்டில் சுற்றியபடி. “இன்னொருக்கால் சுத்துவம்.”

மறுபடி மிதவையை நோக்கித் திரும்பினோம்.